பருந்துக்குப் பதில் ஒரு சிறகு

கால்பந்து அணியின் புதிய லோகோவை வரைந்தது தான்தான் என்று அவள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. வெளியாகும்வரை மூச்சு விடக் கூடாது என்று அலுவலகத்தில் எழுதி வாங்கியிருந்தார்கள். வெளியான பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தவளுக்கு, வெளியான பிறகுதான் வாயே திறக்கவில்லை.

பழைய லோகோவில் நகத்தை விரித்துக்கொண்டு ஒரு முழுப் பருந்து இருந்தது. அவள் ஒற்றைச் சிறகை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எடுத்துவிட்டாள். அணிச் சட்டையின் சிவப்பையும் கொஞ்சம் மட்டுப்படுத்தினாள். கிளப்புக்குப் பிடித்துப்போயிற்று. ஊருக்குத்தான் பிடிக்கவில்லை. காற்றில் பறக்கிற பாலித்தீன் பை என்று ஒருவன் எழுதினான். வெந்த நண்டின் நிறம் என்றாள் ஒருத்தி. அதற்கெல்லாம் அவளுக்கே சிரிப்பு வந்தது. பிறகு பேச்சு தடம் மாறியது. வரைந்த கையை ஒடிக்க வேண்டும் என்று எவனோ எழுத, அதற்குக் கூட்டம் கூட்டமாக ஆமாம் போட்டார்கள். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

போதாக்குறைக்கு, அவள் இருந்தது அண்ணன் வீட்டில். லிஃப்ட் மெக்கானிக்கான அவனுக்கு, வேலை நேரம் போக மீதி உயிரெல்லாம் அந்த அணிதான். ரசிகர் குழுவுக்கு அவன்தான் தலைவன்.

"பருந்தோட தலையையே வெட்டிட்டானே பாப்பா. இவன் ஒரு மேட்சாவது பாத்திருப்பானா?" என்று சாப்பிட உட்கார்ந்த இடத்தில் பொருமினான்.

"சாப்பிடுறப்பவாச்சும் அதை விடுங்களேன்," என்றாள் அண்ணி.

தங்கை தட்டோடு எழுந்து கை கழுவப் போனாள்.

ஞாயிறு சாயங்காலம் அண்ணனின் கூட்டாளிகள் இருவர் வந்தார்கள். ஒருவன் நெட்டை. இன்னொருவனுக்கு மைதானத்தில் ஊதி ஊதியே விசில் என்று பெயர். அவர்களுக்கு டீ போட அவள் சமையலறைக்குள் போனாள்.

"போட்டியே ஒரு போடு," என்று நெட்டை போனை நீட்டினான். "உன் வாய்ஸ் மெசேஜ் எங்கெல்லாமோ சுத்துது."

அண்ணனின் குரல் கூடத்தில் ஒலித்தது. "வரைஞ்ச ஆள் யாருன்னு கண்டுபிடிங்க. வீடு தேடிப் போய்க் கேப்போம்."

சமையலறையில் அவள் தீப்பெட்டியைக் கீழே வைத்தாள்.

"ஆள் பொம்பளையாம்," என்றான் விசில். "கம்பெனியும் தெரிஞ்சுபோச்சு. பஸ் டிப்போ பின்னாடி, மூணு மாடிக் கட்டடம். பேரு நாளைக்குள்ள வந்துரும்."

மருந்து டப்பாவுக்கும் பிஸ்கட் பாக்கெட்டுக்கும் தங்கை படம் போடுகிற இடம் அதுதான் என்பது அண்ணனுக்குத் தெரியும். தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து உள்ளே வந்தான். அவள் அடுப்பைப் பற்றவைக்காமலே நின்றிருந்தாள்.

"உனக்கு அந்தப் பொண்ணைத் தெரியுமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டான்.

"நான்தாண்ணா."

அவன் முகம் வெளிறியது. திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். அவனோ கூடத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனான். தலைவலி என்று சொல்லிக் கூட்டாளிகளை அனுப்பிவைத்தான். வாசல் கதவின் மேல்தாழ்ப்பாளையும் போட்டான்.

தன் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அந்தக் குரல் பதிவை அழித்தான். வேறு பத்துக் குழுக்களில் அது ஓடிக்கொண்டிருந்தது. முன்பின் தெரியாதவர்கள் அதையே அவனுக்கு அனுப்பிக் கேட்கச் சொன்னார்கள். கடைசியில் போனை வாய்க்கருகே வைத்துப் புதிதாகப் பேசினான்.

"அதுல பேசினது நான்தான். நான் சொன்னது தப்பு. லோகோ பிடிக்கலன்னா லோகோவைத் திட்டுங்க. ஆளைத் தேடாதீங்க."

எவ்வளவு வாங்கினாய் என்று முதல் பதில் வந்தது. உன் வீடும் எங்களுக்குத் தெரியும் என்றது அடுத்தது.

வெளியே பைக் ஒன்று வந்து நின்றது. அண்ணி விளக்கை அணைத்தாள். மூவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ சாவிக்கொத்தைக் குலுக்குகிற சத்தம். பிறகு மாடிப்படியில் காலடி ஏறியது. மேல்வீட்டுக்காரர்தான் என்று தெரிந்த பிறகும் யாரும் விளக்கைப் போடவில்லை.

மறுநாளிலிருந்து அண்ணன் அவளைப் பஸ்ஸில் அனுப்பாமல் தானே கொண்டுபோய் விட்டான். அணியின் சட்டையைப் போட்டுக்கொள்ளவில்லை. அவளுடைய பெயர் வெளியே வந்தது. அலுவலக வாசலில் யாரோ முட்டை அடித்தார்கள். முன்பின் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுப்பதை அவள் நிறுத்தினாள். அணி தொடர்ந்து தோற்றது.

ஒருநாள் அவளைக் கூட்டிவர வந்த அண்ணனின் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"இனிமே பயமில்ல பாப்பா. லோகோவை எல்லாரும் மறந்துட்டாங்க. இப்போ கோச்சைத்தான் கிழிக்கிறானுங்க. அவர் வீட்டு முன்னாடி ஒரே கூட்டமாம்."

பைக்கில் ஏறப்போனவள் அப்படியே நின்றாள்.

"அவருக்குக் குழந்தைங்க இருக்காண்ணா?"

அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். "தெரியல," என்று சொல்லி வண்டியை எடுத்தான்.