அக்கரையில் விட்டது

கோணிக்குள் இருந்தபோது அது ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை. குரைத்திருந்தால் அவிழ்த்துவிட்டிருப்பேன்.

இருபது நாளாகப் பஞ்சாலை இதைத்தான் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லும்போதே பொய் என்று தெரிந்தது. வழி தெரியக் கூடாதென்று செவலையைக் கோணியில் கட்டி, மோப்பம் பிடித்துத் திரும்பக் கூடாதென்று ஆற்றையும் தாண்டி, கோலா கிளாவாங் ரோட்டோரம் விட்டுவந்தவள் ஒரு குரைப்புக்கா மனம் மாறியிருப்பாள்? நாயை உதறிவிட்டுக் கோணியை மட்டும் மடித்து எடுத்துவந்தாள். துணி கிடைக்காத ஜப்பான்காரன் காலம். அந்தக் கோணியைத்தான் இப்போது இடுப்பில் சுற்றியிருந்தாள்.

கணவன் மாயாண்டியைச் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துப் போனபின், இரண்டு பிள்ளைகளுக்கே மரவள்ளிக்கிழங்கு போதவில்லை. அவர்கள் சாப்பிடும்போது செவலை வாசலில் உட்கார்ந்து பார்க்கும். அந்தப் பார்வையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பக்கத்து வீட்டு அந்தோனியம்மாள், நாயைத் தனக்குக் கொடுக்கும்படி இரண்டு முறை கேட்டாள். பஞ்சாலை கொடுக்கவில்லை. தன் நாய் அடுத்த வாசலில் இன்னொருத்தி கையால் தின்பதைத் தினமும் பார்க்க வேண்டியிருக்குமே.

செவலை போன மூன்றாம் நாளே காட்டுப்பன்றிகள் இறங்கின. தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் ஆறு வீட்டுக் கிழங்குக் கொல்லைகளையும் அதுவரை காத்தது அந்த ஒரு நாய்தான் என்று அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது.

இன்று காலை, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் சன்னாசி வந்தார். வெள்ளைக்காரத் துரைமார் ஓடியபோது ஸ்டோரில் விட்டுப்போன, புல்லைக் கருக்கும் விஷ மருந்தை வீட்டுக்கொரு தகரக் குவளையில் கொடுத்தார். அவித்த கிழங்கில் பிசைந்து அவரவர் கொல்லை ஓரத்தில் வைக்க வேண்டுமாம். ஒரு வீடு வைக்காவிட்டாலும் பன்றி அந்த வழியாக நுழைந்துவிடுமாம்.

"நாய வெரட்டிட்டுப் பன்னிக்கு விருந்து வச்சவ நீதான், பஞ்சால. மொத உருண்டைய நீ வச்சாத்தான் நாயம்," என்றார். நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அந்தோனியம்மாள் சிரிக்கவில்லை. "நேத்து செவலைய ஆத்துக்கு இந்தப் பக்கம் பாத்தேன்க்கா. எலும்பும் தோலுமா இருக்கு. கூப்ட்டா ஓடுது."

பசித்த நாய் எந்தக் கொல்லைக்கு முதலில் வரும் என்று பஞ்சாலைக்குத் தெரியும். மற்ற ஐந்து பேரும் வைக்கத்தான் போகிறார்கள். அதைத் தடுக்க அவளுக்கு வாயில்லை.

மண்டோர் குவளையை நீட்டினார்.

"எங்கொல்லைக்கு நானே காவலிருந்து தகரம் தட்டிக்கறேன், மண்டோரய்யா," என்றாள், தரையைப் பார்த்தபடி. "இது எனக்கு வேணாம்."

அவர் நீட்டியபடியே நின்றார். அவள் கையை நீட்டவில்லை.