குதிரையின் பெயரில் ஒரு மாப்பிள்ளை

1960 பிப்ரவரியில், ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்து ஆரஞ்சுத் தெருவில் பன்னிரண்டு பாடகர்கள் ஒரே வாரத்தில் பெயரில்லாமல் போனார்கள். காரணம் லாசெல்ஸ் பினக்கின் பேனாக்கத்தி. சாராயக் கடைக்காரரான பினக், பாடல்களைத் தாமே பதிவுசெய்து சனிக்கிழமை நடனங்களில் போடுகிறவர். யார் பாடியது என்று போட்டிக்கு நடனம் நடத்துகிறவர்களுக்குத் தெரியாதிருக்க, இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய தாளைச் சுரண்டிவிடுவது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் வழக்கம். பினக் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். அவர் சுரண்டியதில் பெயர்கள் ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்தும் பெற்ற தாய்மாரின் நாக்கிலிருந்தும்கூடப் போய்விட்டன.

பதினொரு பேர் இதைப் பெரிதுபடுத்தவில்லை. போலீஸ் தேடிக்கொண்டிருந்த இருவருக்கு நிம்மதிதான். பன்னிரண்டாமவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்கு முன் கோயிலில் மூன்று ஞாயிறு மணமக்கள் பெயரை வாசித்து, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டாக வேண்டும். பாதிரியார் "இஸில்டா கெயிலுக்கும்..." என்று தொடங்கி இருமினார், சபையும் சேர்ந்து இருமியது. ஈஸ்டர் திங்களுக்குள் கல்யாணம் முடியாவிட்டால் தபால்காரருக்குத்தான் பெண் என்று இஸில்டாவின் அப்பா சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில் பினக், பன்னிரண்டு பாடல்களையும் ஒரே பெரிய தட்டாகச் சேர்த்து வெளியிட முடிவுசெய்தார். உறையின் பின்புறம் பெயர்கள் வேண்டும். அவருக்கும் ஒன்றும் நினைவில்லை. கையிலிருந்த குதிரைப் பந்தயத் தாளைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தபோது, மீன் பொரித்த கையோடு இஸில்டா வந்து நின்றாள்.

"யோவ் பினக், என் ஆளு பேரைக் குடு."

"என்ன பேரு அம்மணி?"

"அது தெரிஞ்சா உன் மூஞ்சில வந்து முழிப்பேனா?"

"கடைசியா 'சில்வர் டியூக்' இருக்கு. நல்ல குதிரை."

"பாதியில எங்கயாவது ஓடிப்போயிருக்கா?"

"சேச்சே. கடைசி வரைக்கும் ஓடும். என்ன, மெதுவா ஓடும்."

"எழுது."

உறை அச்சான அன்று, "டியூக், சாப்பிட வாடா" என்று மாப்பிள்ளையின் தாய் கூப்பிட்டாள், அவனும் போனான். பதிவேட்டின் காலி இடத்தில் அதே பெயர் பழைய மையில் வந்திருந்தது. இரண்டு ஞாயிறு தடையின்றிப் போயின. மூன்றாம் ஞாயிறு, குதிரைக்காரர் டகோஸ்டா எழுந்தார்.

"ஆட்சேபம் இருக்குங்க ஐயா! அது என் குதிரை பேரு. மூணு வாரமாக் கூப்பிட்டாத் திரும்பிக்கூடப் பாக்கல."

பாதிரியார் கண்ணாடியைத் துடைத்தார். "அதுக்கு ஞானஸ்நானம் ஆச்சா?"

"இல்லீங்க."

"அப்ப உக்காரும்."

ஈஸ்டர் திங்களன்று கல்யாணம் நடந்தது. தபால்காரர் வாழ்த்துத் தந்தி கொண்டுவந்து இரண்டு தட்டு ஆட்டுக்கறி சாப்பிட்டார். குதிரை இன்னும் ஆறு வருடம் ஓடியது. பந்தயத் தாளில் அதற்கென ஒரு வரியைக் காலியாக விட்டார்கள்; பணம் கட்டுகிறவர்கள் அந்த வெற்றிடத்தில் விரலை வைத்துக் காட்டுவார்கள், குமாஸ்தா சீட்டுக் கிழித்துக் கொடுப்பார். அது எப்போதும்போல் மெதுவாக, கடைசி வரைக்கும் ஓடியது.