ஏழாவது பெயர்

பிணவறை வாசலில் மணிகண்டராஜ் தலை சீவிக்கொண்டிருந்தான். கைப்பேசிதான் கண்ணாடி. சீவி முடித்ததும் முகத்தில் சோகத்தை வரவழைத்துக்கொண்டு நேரலையைத் தொடங்கினான்.

"உறவுகளே, வெம்பக்கோட்டை பட்டாசு ஆலை வெடிவிபத்துல பலியான ஏழு பேரு லிஸ்ட், முதன்முதலா நம்ம சேனல்லதான். மறக்காம ஷேர் பண்ணுங்க."

அழகுமீனா சாத்தூரில் பதினெட்டு வருடமாக நாளிதழ் நிருபர். அவன் வாசித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"லிஸ்ட் ஏதுலே?"

"வெடிச்ச ரூமோட ரிஜிஸ்டர்க்கா. போர்மேன் போட்டோ அனுப்பினாரு."

"ரிஜிஸ்டர்ல இருக்கிறவுகதான் உள்ள இருந்தாகன்னு உனக்கு யாரு சொன்னா?"

அவன் சிரித்தான். "பேப்பரு நாளைக்குத்தான வரும்? நீங்க நிதானமா விசாரிங்கக்கா."

அவனுக்குத் தெரியாதது இல்லை. சீசன் நேரத்தில் ஒருத்திக்குக் கல்யாணம் காட்சி வந்தால் அவள் பெயரில் இன்னொருத்தி போய் உட்காருவாள். நாள் விட்டுப்போனால் தீபாவளி போனஸில் கை வைத்துவிடுவார்கள். மணிகண்டராஜின் அம்மாவே மூன்று வருடம் ஓரகத்தி பெயரில் திரி வைத்தவள். அவள் பெற்ற பிள்ளை இன்று ரிஜிஸ்டரைச் சத்தியவாக்குப்போல் வாசிக்கிறான்.

அழகுமீனாவின் கைப்பேசி ஒலித்தது. மதுரை அலுவலகம்.

"அவன் ஏழு பேரையும் போட்டுட்டான்மா. நாம எப்ப?"

"உடம்பெல்லாம் கரிக்கட்டையா கெடக்கு சார். யாரு யாருன்னு ஆபீசருகளே இன்னும் சொல்லல."

"ஆன்லைனுக்காவது குடும்மா."

அழைப்பைத் துண்டித்தாள்.

கட்டடத்தின் பின்புறம், வேப்பமரத்தடியில், ராக்காயி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். ஏழாவது பெயர், வெளியூரில் கட்டிக்கொடுத்த அவளுடைய மகள் பாண்டிலட்சுமி. காலையிலிருந்து மகள் போனை எடுக்கவில்லை. ராக்காயிக்குத் தண்ணீர் கொடுத்து ஆற்றிக்கொண்டிருந்தவன் பெத்தணன். அவன் மனைவி யோகேஸ்வரிக்கும் அதே ஆலையில்தான் வேலை.

"எம் பொண்டாட்டி பேரு இல்ல தாயி." அவன் கைப்பேசியை அழகுமீனாவிடம் நீட்டினான். "மூணு தடவ கேட்டுட்டேன். சத்தத்துல பயந்து காட்டுக்குள்ள ஓடியிருப்பா."

"அவுகளுக்கு எந்த ரூம்ல வேல அண்ணே?"

"அவளுக்கு ஏது ரூமு? ரிஜிஸ்டர்லயே பேரு கெடையாது. ஆளு வராத எடத்துல போயி உக்காருவா."

தான் சொன்னது அவன் காதிலேயே விழவில்லை. அழகுமீனாவுக்கு விழுந்தது.

அப்போது முன்வாசலில் கூச்சல் கேட்டது. ராக்காயி ஓடினாள். அழகுமீனாவும் ஓடினாள். பெத்தணன் அசையவில்லை. யோகேஸ்வரி வந்தால் இங்கேதான் தேடுவாள் என்று கைப்பேசியில் நேரலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

ஆட்டோவிலிருந்து பாண்டிலட்சுமி இறங்கினாள். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, கையில் தாம்பூலப் பை. ராக்காயி அவள் காலைக் கட்டிக்கொண்டு விழுந்தாள். மணிகண்டராஜ் குறுக்கே பாய்ந்தான்.

"உறவுகளே, அதிசயம்! செத்தவங்க உயிரோட வந்துட்டாங்க!"

பட்டியலைப் படித்தவன் தானே என்ற கூச்சம் அவன் குரலில் எள்ளளவும் இல்லை. ஒலிவாங்கியை அவள் வாய்க்கு நேரே நீட்டினான். "அக்கா, அப்ப உங்க எடத்துல யாரு இருந்தா? உறவுகளுக்குச் சொல்லுங்க."

அழகுமீனா அவன் கைப்பேசிக் கேமராவின் மேல் உள்ளங்கையை அழுத்தினாள். "அந்த எடத்துல இருந்த புள்ளையோட புருசன் பின்னாடி உக்காந்திருக்கான்லே. மொதல்ல அவன்கிட்டச் சொல்லணும்."

"கைய எடுங்கக்கா, இருபதாயிரம் பேரு பாத்துக்கிட்டு இருக்காக!"

படத்தைத்தான் அவளால் மறைக்க முடிந்தது.

"யோகேஸ்வரிய அனுப்பிட்டுப் போனேனே," என்று பாண்டிலட்சுமி கத்தினாள். "நாந்தான அனுப்பினேன்!"

நேரலை சில நொடிகள் பின்தங்கித்தான் போய்ச்சேரும். அழகுமீனா செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். மரத்தடியில் பெத்தணன் கைப்பேசியை லேசாகத் தட்டிக்கொண்டிருந்தான், படம் ஏன் இருட்டாக இருக்கிறது என்று.

"அண்ணே," என்றாள்.

அவன் நிமிர்வதற்குள் கைப்பேசி அந்தப் பெயரைச் சொன்னது.

பெத்தணன் அழவில்லை. ஒலியைக் கூட்டி, காதோடு வைத்துக்கொண்டான், இன்னொரு முறை சொல்லும் என்பதுபோல.

மணிகண்டராஜ் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். "அக்கா, கொஞ்சம் தள்ளுங்க. அவரு மொகம் தெரியல."

அவள் விலகவில்லை. அவன் இடப்பக்கம் போனால் இடப்பக்கம், வலப்பக்கம் போனால் வலப்பக்கம். அன்றைய நேரலையின் கடைசிப் பதினொரு நிமிடமும் ஒரு பெண்ணின் முதுகுதான். அதையும் ஒன்றரை லட்சம் பேர் பார்த்தார்கள்.