வளையம் கோர்க்காத ஒயர்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது என் காரின் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றபோது. கற்பனை, உள்ளுணர்வு என்றெல்லாம் அளக்க விரும்பவில்லை. ஒயரிங்காரர் ஒருவர் சொன்னார், நான் எழுதுகிறேன். எழுதச் சொன்னதே அவர்தான்.

அதற்குக் காரணம் உண்டு. என் கதைகள் அச்சுக்குப் போகுமுன் புரூஃப் பார்ப்பது அவருடைய தங்கை. பதினோரு வருடமாக என் ஒற்றுப் பிழைகளைத் திருத்திக்கொண்டிருப்பவர். காரில் ஏதாவது மாட்ட வேண்டும் என்றால் எங்கள் அண்ணனிடம் கொடுங்கள் என்று என்னை அனுப்பியதும் அவரே. அந்தத் தங்கையிடம் நேரில் சொல்ல வாய் வராத ஒன்றை, அவள்* என் கதையில் படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்பது அண்ணனின் ஏற்பாடு.

(இதைவிடக் கோழைத்தனமான ஏற்பாடு உண்டா என்று கேட்காதீர்கள். நானும் கேட்டேன். “இல்ல சார்” என்று ஒப்புக்கொண்டார்.)

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

“இன்ஜினுக்கும் மனிதனுக்கும் நடுவில் ஓர் இரும்புத் தகடு இருக்கிறது. மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவில் இருக்கும் தகடோ”

அங்கேயே நிறுத்திவிட்டேன். ஒரு மனிதர் செத்துப்போயிருக்கிறார். நான் உவமை தேடிக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

இரண்டாவது தொடக்கம் சாமான்களில் ஆரம்பித்தது. ஃபயர்வால் என்று அவர்கள் சொல்லும் அந்தத் தகட்டைத் தாண்டி ஒயரைக் கொண்டுபோக அவர் வைத்திருந்தவை: நுனி வளைத்த சைக்கிள் ஸ்போக் கம்பி, மனைவியிடம் கேட்காமல் எடுத்து வந்த ஸ்வெட்டர் பின்னும் ஊசி, நிமிர்த்திய சட்டை ஹேங்கர், கறுப்பு டேப், ஒரு மூடியில் சோப்புத் தண்ணீர். கடையில் விற்கும் நீளமான ஸ்டீல் நாடாவும் இருந்தது. அதை எடுக்கவே மாட்டார். “அது எங்க போய் முட்டுதுன்னு கைக்குத் தெரியாது சார்” என்றார்.

ஸ்போக்கை உள்ளிருந்து செருக வேண்டும். நுனி இன்ஜின் பக்கம் எட்டிப் பார்த்ததும் ஒயரை அதில் வைத்து டேப் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும். ஓட்டையின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். வண்டி அதிர அதிர ஒயரின் தோலை அது அறுத்துவிடும். அதனால் ஓட்டையில் ஒரு ரப்பர் வளையம் உட்கார வேண்டும்.

அந்த வளையத்தை ஒயரில் முதலிலேயே கோர்த்துவிட வேண்டும் என்பதுதான் விஷயம். பிறகுதான் ஒயரின் முனையில் லக் என்ற பித்தளைத் துண்டை வைத்து நசுக்க வேண்டும். மறந்து லக்கை அடித்துவிட்டால் வளையம் உள்ளே போகாது. லக்கை வெட்டி எறிந்துவிட்டு, வளையத்தைக் கோர்த்து, புது லக் அடிக்க வேண்டும். கால்மணி நேர வேலை. அந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் என்றாவது மறந்திருப்பார்கள், தலையில் அடித்துக்கொண்டு மறுபடி செய்திருப்பார்கள்.

3

என் காருக்குக் கேமரா மாட்டினார். அவர் உள்ளே, டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். எனக்குத் தெரிந்தது அவருடைய கால்கள் மட்டும். நான் வெளியே நின்று, ஸ்போக் நுனி தெரிந்தால் சொல்ல வேண்டும். அந்தக் கோலத்தில்தான் சொன்னார். என் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

அவருடைய தங்கை கணவருக்கு விடிகாலை வேலை. பனிமூட்டத்தில் நாற்பது கிலோமீட்டர் ஓட்டிப் போக வேண்டும். கண்ணே தெரியவில்லை என்று அவர் புலம்பியதைக் கேட்டு, மாப்பிள்ளைக்குப் பனிவிளக்கு மாட்டிக் கொடுக்க இவரே முன்வந்தார். ஒரு விடுமுறை நாளில், தங்கை வீட்டு வாசலில் வைத்து வேலை. தகட்டில் புதிதாக ஓட்டை போட்டு, பேட்டரியிலிருந்து ஒயரை இழுத்து, லக் அடித்து, ஸ்விட்சைப் போட்டார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. சாமான்களைப் பொறுக்கும்போது பார்த்தால், ரப்பர் வளையம் தரையில் கிடக்கிறது.

லக்கை வெட்டலாம் என்று பிளேயரை எடுத்தார். அப்போது போன் வந்தது. லாரிக்காரர் ஒருவர், ஹாரன் வேலை செய்யவில்லை, செக்போஸ்டில் நிற்கிறேன், உடனே வா என்று கத்தினார். ஒயர் தகட்டில் உரசும் இடத்தில் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, அடுத்த வாரம் வந்து வளையம் போடுகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. தங்கை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் காரைப் பார்த்தார்; பார்க்கும்போதெல்லாம் அடுத்த வாரம் என்று நினைத்தார். அப்படியே ஏழு மாதம் ஓடியது.

ஒரு விடிகாலையில், பனிக்கு நடுவே, நடுரோட்டில் வண்டியின் எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் அணைந்தன. இன்ஜினும் நின்றது. பின்னால் வந்த வண்டிக்கு முன்னால் ஒரு கார் நிற்பது தெரியவில்லை. மாப்பிள்ளை அந்த இடத்திலேயே போய்விட்டார்.

பனியால் நடந்த விபத்து என்று எழுதி மூடினார்கள். நசுங்கிய காரை ஒரு கொட்டடியில் போட்டிருந்தார்கள். இவர் தனியாகப் போய் முன்பக்கத்தை நெம்பித் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்தார். டேப் நைந்து, தோல் அறுந்து, ஓட்டை விளிம்பில் செம்புக் கம்பி ஷார்ட்டாகிக் கருகி ஒட்டியிருந்தது.

“வேற யாருக்கும் பாத்தா புரியாது சார். எனக்குப் புரியுமே” என்றார்.

கால்கள் அசையவில்லை. உள்ளே அழுதுகொண்டிருந்தார். ஸ்போக் நுனி என் பக்கம் வந்து வெகுநேரமாகியிருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

* முதல் பகுதியில் தங்கையை நான் ‘அவள்’ என்று எழுதியிருப்பதை அவர் மன்னிக்க வேண்டும். அண்ணன் வாயிலிருந்து வந்தபடி எழுதினேன். எப்படியும் புரூஃபில் இந்த அடிக்குறிப்பைத்தான் அவர் முதலில் வெட்டுவார்.

4

ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். லாரிக்காரர்.

டேப் எத்தனை சுற்று, ஒயர் எத்தனை தடிமன், வளையம் எந்தப் பக்கம் உருண்டு கிடந்தது என்பதெல்லாம் ஒயரிங்காரருக்கு நினைவிருக்கிறது. போன் பண்ணியது யார் என்று கேட்டால், யாரோ கஸ்டமர் என்று மென்று முழுங்கினார். அப்படி என்ன அவசரம் என்றேன். “அவசரம்னா அவசரம்தான் சார், நீங்க பாத்து எதாவது போட்டுக்கங்க” என்றார்.

சரி, மனுஷன் நொந்துபோயிருக்கிறார், குடைய வேண்டாம் என்று விட்டுவிட்டேன். லாரி, ஹாரன், செக்போஸ்ட் எல்லாம் நான் போட்டது. உண்மையைச் சொன்னால், நன்றாக வந்திருக்கிறது என்று கொஞ்சம் பூரித்தும்போனேன். எழுதுகிறவன் புத்தி.

5

முடிவுகள்.

அ) தங்கை படிக்கிறாள். பட்டறைக்கு வந்து, நாலு பேர் பார்க்க அண்ணனை அறைகிறாள். (அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. என் தப்புகளைக்கூடப் பென்சிலில்தான் சுழிப்பார். மை போட்டால் மனசு கஷ்டப்படுமாம்.)

ஆ) தங்கை மன்னிக்கிறாள். இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். (எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது. புருஷனை வாரிக்கொடுத்தவளிடம் மன்னிப்பை வாங்கித்தர நான் யார்?)

இ) தங்கை எதுவுமே சொல்லவில்லை. அண்ணன் வீட்டுப் படியை அதற்குப் பிறகு அவள்

இதை முடிக்க முடியவில்லை. முடிவே இல்லாமல், நான்காம் பகுதியையும் இந்த ஐந்தாம் பகுதியையும் எடுத்துவிட்டு, முதல் மூன்றை மட்டும் பதிப்பகத்துக்கு அனுப்பினேன். ஒரு பெண்ணுக்கு இப்படியா செய்தி சொல்வது?

6

வழக்கமாக நான்கு நாளில் வரும் புரூஃப், பத்தொன்பது நாள் கழித்து வந்தது.

பென்சில் திருத்தங்கள் எப்போதும்போல. ‘ஒத்துக்கொண்டார்’ என்று நான் எழுதியிருந்ததை ‘ஒப்புக்கொண்டார்’ ஆக்கியிருந்தார். அடிக்குறிப்பை வெட்டவில்லை. மூன்றாம் பகுதியில் ‘போன் வந்தது’ என்ற இடத்தில் ஒரு கோடு. அது ஓரத்துக்குப் போய், ஓரம் போதாமல் தாளின் பின்பக்கத்துக்கும் போயிருந்தது:

“போன் எதுவும் வரவில்லை. அண்ணன் வளையத்தைக் கையில் எடுத்து, இன்னும் கால்மணி நேரம் ஆகும் என்றார். நாங்கள் அன்று வாடகைக்கு ஒரு வீடு பார்க்கப் போக வேண்டியிருந்தது; வீட்டுக்காரர் காத்திருந்தார். ‘விளக்குதான் எரியுதேண்ணா, அப்புறம் போட்டுக்கலாம், விடு’ என்று பிளேயரை அவர் கையிலிருந்து வாங்கிப் பையில் போட்டது நான். அது எதற்கான வளையம் என்று இதைப் படித்த பிறகுதான் தெரிகிறது. அண்ணனுக்கு அன்றே தெரியும். என்னைக் கதையில் சேர்க்கக் கூடாது என்று போன் வந்ததாகச் சொல்லியிருக்கிறார். சரியாக இருக்கட்டும் என்று சொல்கிறேன். மற்றபடி உங்கள் விருப்பம்.”

தாளை மேசையில் கவிழ்த்து வைத்தேன். அவளிடம் ஒன்றைச் சொல்லத்தான் அண்ணன் என்னைப் பிடித்தார். அவளுக்குத் தெரியாமல் ஒன்றை மறைக்கவும் என்னைத்தான் பிடித்திருக்கிறார். அந்தப் பொய்க்கு லாரியும் ஹாரனும் வாங்கிக்கொடுத்தவன் நான். நான் எழுதாமல் இருந்திருந்தால், அந்தக் கால்மணி நேரம் என்ன என்று அவளுக்குச் சாகும்வரை தெரிந்திருக்காது.

7

நேற்று மாலை ஒயரிங்காரர் கூப்பிட்டார். தங்கை படித்துவிட்டாளா என்று கேட்டார். படித்துவிட்டார் என்றேன். திட்டினாளா, அழுதாளா, இனிமேல் என் முகத்தில் முழிப்பாளா என்று கேட்பார், ஏதாவது பூசி மெழுகிச் சமாளிக்கலாம் என்று தயாராக இருந்தேன்.

அதில் எதையும் அவர் கேட்கவில்லை. கேட்டது இதுதான்:

“அந்த போன் வந்துச்சுன்னு எழுதினீங்கல்ல சார், அத நம்பிட்டாளா?”

நம்பிவிட்டார் என்று சொன்னால் மனுஷன் இன்றைக்காவது தூங்குவார். எல்லாப் பாவத்தையும் தன் தலையில் போட்டுக்கொண்டு, தங்கையைக் காப்பாற்றிவிட்டோம் என்று. இல்லை என்று சொன்னால், அங்கே ஒருத்தி அதே பாரத்தைத் தனியாகத் தூக்கிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்துவிடும். மூன்றாம் பகுதியில் போனை அப்படியே விட்டிருக்கிறேன். ஆறாம் பகுதியில் அவள் எழுதியதும் இருக்கிறது. இரண்டில் எதை அடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் நீங்களே சொல்லுங்கள்.

“சார்? லைன்ல இருக்கீங்களா?”