மூன்று ரப்பர் துண்டுகள்

கண்ணாடித் தகட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார் தம்பிராஜா. நட்சத்திரங்கள் புள்ளியாக விழவேண்டிய இடத்தில் எல்லாம் புழு நெளிந்தது போலக் கோடுகள். நடுவே வால்நட்சத்திரம், ஈரச்சுவரில் கை இழுத்த தடம் மாதிரி.

“பாத்தீரே காணும்? பதினைஞ்சு நிமிஷம் காமிராவைத் திறந்து வச்சால் இதுதான் மிச்சம். என்ன பிழை எண்டு எனக்கு ஒண்டும் விளங்கேல்லை.”

சுப்பையன் தகட்டைப் பார்க்கவில்லை. அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான். தோல் சுருங்கியிருந்தது, நகங்கள் மட்டும் அன்று போலவே ஒட்ட வெட்டிச் சுத்தமாக. பதினெட்டு வருஷத்துக்கு முன் லிந்தா ரப்பர் தோட்டத்து ஆபீஸில், கணக்கெழுதும் பெரிய கிராணியாக உட்கார்ந்து, அவன் தலையெழுத்தை நாலே வரியில் எழுதிய கை.

காஜா பேராங்கில் கடைசல் பட்டறை வைத்துப் பதினொரு வருஷமாகிறது. இரண்டு தெரு தள்ளி இந்த ஆள் பென்ஷன் வாங்கிக்கொண்டு குடிவந்திருப்பது மூன்று மாதமாகத் தெரியும். சீமைக்குத் திரும்பிப்போன வெள்ளைக்காரத் துரை ஒருவன் தன் தொலைநோக்கியை அவரிடம் விட்டுப்போனதும் தெரியும். அதைச் சரிபார்க்கத் தன்னையே கூப்பிடுவார் என்றுதான் தெரியாது.

“கையிலை என்ன?” என்றார். சுப்பையனின் இடதுகையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு நின்றிருந்தன.

“மிஷின்ல மாட்டுச்சு.”

“ம். கவனமா இருந்திருக்க வேணும்.”

சுப்பையன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவனுக்கே பிடிக்கவில்லை.

வீட்டில் மனைவி சாரதாம்பாள் இதைக் கேட்டதும் சட்டியை அடுப்பில் இடித்து வைத்தாள். தோட்டத்து லயக் குடியிருப்பை விட்டுத் துரத்தியபோது அவளுக்கு ஏழு மாதம். மழையில் எட்டு மைல் நடந்தார்கள். பிள்ளை தங்கவில்லை. அதற்குப் பிறகும் ஒன்றும் தங்கவில்லை.

“அந்த ஆளு சாமானயா கையில தொட்ட?”

“தொட்டேன்.”

“நல்லாக்கிக் குடுத்துட்டு இந்த வீட்டுக்குள்ள வராத. கெடுத்துட்டு வா.”

கெடுப்பது என்றால் என்னவென்று சுப்பையனுக்குத் தெரியும். ஒரு திருகைக் கால் சுற்று தளர்த்தினால் போதும். ஆனால் எது கெட்டிருக்கிறது என்று தெரியாமல் கெடுப்பது அவனுக்கு வராது. முதலில் பார்க்கவேண்டும்.

பின்கட்டு சிமெண்டுத் தரையில் நின்றது அது. மூன்று கால் வைத்த இரும்புத் தூண், மேலே சாய்ந்த அச்சு, அதில் தொலைநோக்கி, தொலைநோக்கியின் முதுகில் காமிரா. தூணுக்குள் ஒரு எடைக்கல் தொங்கியது. கல் இறங்க இறங்கப் பல்சக்கரம் சுற்றும். சக்கரம் சுற்றச் சுற்ற, வானம் போகிற வேகத்துக்கே தொலைநோக்கியும் பின்னாலேயே போகவேண்டும். கிழக்கு மேற்காகக் கொஞ்சம் பிசகினால் திருத்த ஒரு கைத்திருகு; பக்கவாட்டில் சரிந்தால் அதற்கு எட்டாது. கண்வில்லையில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மயிரிழை. அவை வெட்டும் இடத்தில் ஒரு நட்சத்திரத்தை நிறுத்தி, அது நகரும்போதெல்லாம் திருகைத் தொட்டுத் தொட்டுத் திரும்பக் கொண்டுவரவேண்டும். ஒரு ஆள் கண் எடுக்காமல் உட்கார்ந்திருக்கிற வேலை. தம்பிராஜாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை.

“நீர்தான் பாக்கவேணும். நான் மூடியைத் திறந்து நேரம் சொல்லுறன்.”

வெட்டுப்பட்ட விரல்நுனியைச் சக்கரத்தில் வைத்துச் சுப்பையன் மெல்லச் சுற்றினான். முழுவிரலுக்குத் தெரியாதது அந்த நுனிக்குத் தெரியும். ஒவ்வொரு பல்லும் கரகரத்தது. சீமைக் குளிருக்குப் போட்ட கிரீஸ், நம்மூர்ச் சூட்டில் உருகி வழிந்து, தூசியைச் சேர்த்து மண்ணாகியிருந்தது. கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, இரண்டு பல்லை அரம் போட்டுச் சேர்த்தான். புதன்கிழமை எடுத்த தகட்டில் நெளிவு இல்லை. ஆனால் கோடு இருந்தது. நேராக, ஒருபக்கம் சரிந்து.

நெளிந்தால் சக்கரம். சரிந்தால் கால். சுப்பையன் குனிந்து தூணின் அடியைப் பார்த்தான்.

ஒவ்வொரு காலுக்கும் அடியில் நாலாக மடித்த ரப்பர் ஷீட் ஒரு துண்டு.

“அதிர்வு வராமல் இருக்க நான்தான் வச்சனான். முப்பத்தாறு வருஷம் ரப்பரோடை இருந்தவன், அதுகூடத் தெரியாதே?” என்றார் தம்பிராஜா பெருமையாக.

ரப்பரோடு இருந்தது அவரது பேனா. பகல் முழுக்க வெயில் குடித்த தரையில் ரப்பர் இளகும், மேலே கனம் இருந்தால் சாயங்காலம் முழுக்க மயிரளவு மயிரளவாக அமுங்கிக்கொண்டே இருக்கும் என்பது, ரப்பர் பாலை உறையவைத்து ரோலரில் ஷீட்டாக உருட்டும் பால் ஸ்டோரில் ஷீட்டை அடுக்கி அடுக்கி எடுத்தவனுக்குத்தான் தெரியும். சுப்பையன் அதைச் சொல்ல வாய் திறந்தான். அப்போதுதான் ஷீட்டின் ஓரம் கண்ணில் பட்டது. அன்னாசி முத்திரை. லிந்தா தோட்டத்து ரோலர் பதித்தது. முத்திரையை ஒட்டி ஒரு விரல் நீளத்துக்கு மேடு.

அவன் கை ரோலருக்குள் போனபோது, கடப்பாரையை இடுக்கித்தான் பின்பக்கம் சுற்றி எடுத்தார்கள். கடப்பாரை ரோலரில் பள்ளம் போட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்த்தால், புகைக்கூடத்தில் தொங்கிய ஒவ்வொரு ஷீட்டிலும் அந்த மேடு. ரோலரின் தடுப்புக் கம்பியைக் கழற்றச் சொன்னது கிராணி, வேலை ஓடவில்லை என்று. துரைக்குக் கிராணி எழுதியனுப்பியது வேறு: ஆள் குடித்திருந்தான். சுப்பையன் வாழ்நாளில் கள்ளை முகர்ந்ததில்லை. அந்தக் காகிதம் அவனுக்கு முன்னால் ஒவ்வொரு தோட்டத்துக்கும் போய்ச்சேர்ந்தது.

அவன் வாயை மூடிக்கொண்டான்.

வியாழன் தகடும் சரிந்தது. வெள்ளியும் சரிந்தது. தினமும் வால்நட்சத்திரம் தெங்கேரா பக்கத்துத் தென்னைகளை நோக்கிக் கொஞ்சம் இறங்கியது, கொஞ்சம் மங்கியது. மெர்டேக்கா சுதந்திர நாளுக்குப் பட்டணத்து மண்டபத்தில் கண்காட்சி வைக்கிறார்கள். அதில் இந்தப் படம் அவர் பேர் போட்டுத் தொங்கவேண்டும். “முப்பத்தாறு வருஷமா நான் எழுதினதுக்கெல்லாம் கீழை துரையின்ரை கையெழுத்து. இது ஒண்டாவது என்ரை பேரிலை இருக்கட்டும்,” என்று ஒருநாள் யாரிடமோ போலச் சொன்னார். சுப்பையன் அதைக் கேட்டுக்கொண்டே தினமும் கால் நீட்டி உட்கார்ந்து, சரிந்துபோகிற நட்சத்திரத்தைத் துரத்துவதுபோல் நடித்தான். அந்த மூன்று ரப்பர் துண்டும் அவனுக்காக வேலை செய்தன. வீட்டில் சாரதாம்பாள் சோறு போடும்போது கேட்பாள், “இன்னைக்கும் கெட்டுச்சா?” கெட்டுச்சு என்பான். அவள் இன்னொரு கரண்டி வைப்பாள்.

சனிக்கிழமை தகட்டைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தவர், அதைத் தரையில் போட்டு உடைத்தார்.

“என்ன வேலை காணும் இது? குடிச்சுப்போட்டோ வாறீர்?”

சுப்பையனுக்குக் காதுக்குள் ரோலர் ஓடியது. அதே வாய். அதே வார்த்தை. அப்போது புத்தியில் பட்டது: இந்தப் படம் இப்படியே கெட்டுப்போனால், இந்த ஆளுக்கு அது குடிகார மெக்கானிக் கெடுத்த படம். இரண்டாம் தடவையும் அதே காகிதம். தான் ஏன் கெடுத்தான் என்று கடைசிவரை இவருக்குத் தெரியப்போவதில்லை.

ஞாயிறு முழுக்கப் பட்டறையில் இருந்தான். அரையங்குல இரும்பில் மூன்று வட்டத்தகடு கடைந்தான். சாயங்காலம் போய் ரப்பரை உருவி எறிந்து, தகடுகளைக் காலுக்கடியில் கொடுத்து, ரசமட்டம் வைத்துத் தூணை நிமிர்த்தினான். இருட்டியதும் ஒரே நட்சத்திரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, அச்சை நூலிழை நூலிழையாகத் திருப்பினான். எந்தக் குறையும் மிச்சம் இருக்கக்கூடாது. நாளைக்குக் கெட்டால், கெடுத்தது சுப்பையன் கை ஒன்றுதான் என்று இருக்கவேண்டும். அதை அந்த ஆள் உட்கார்ந்து பார்க்கவேண்டும்.

திங்கட்கிழமை வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. இன்றைக்கு விட்டால் தென்னை மறைத்துவிடும். மஃரிப் தொழுகைக்கான அழைப்பு ஓய்ந்து அரைமணி கழித்து, தம்பிராஜா ஸ்டூலில் உட்கார்ந்து, காமிராவின் மூடியைத் திறந்தார். திறந்த பிறகு யாரும் நடக்கக்கூடாது, தரை அதிரும். அது அவர் போட்ட சட்டம். சுப்பையன் கண்ணை வில்லையில் வைத்தான். நட்சத்திரம் மயிரிழைகள் வெட்டும் இடத்தில் இருந்தது. மொட்டை விரல் திருகின் மேல்.

“மூண்டு நிமிஷம்,” என்றார்.

“கிராணி ஐயா.”

அந்தப் பேரில் அவரைக் கூப்பிட்டு வருஷங்களாகியிருக்கும்.

“லிந்தா தோட்டம். முப்பத்தொம்பது. பால் ஸ்டோர் ரோலரு. தடுப்பக் கழட்டச் சொன்னது யாரு?”

எடைக்கல்லின் சங்கிலி மட்டும் டிக் டிக் என்று இறங்கியது.

“எழுந்திரிக்காதீங்க. தரை ஆடும், படம் போயிரும். கேளுங்க. நான் குடிச்சிருந்தேன்னு எழுதினீங்க. என் பொண்டாட்டி மாசமா எட்டு மைலு நடந்தா. அந்தப் புள்ள எங்கன்னு நீங்க கேக்கல, நானே சொல்றேன். அலோர் காஜா ரோட்டோரம் பொதைச்சோம்.”

“நீயா?” என்றார். கொஞ்சநேரம் கழித்து, “ஏழு நிமிஷம்.” பிறகு, “கம்பியை எடுக்கச் சொன்னது ஆர் எண்டு துரை கேட்டிருந்தால்... என்ரை வேலை போயிருக்கும். எனக்கும் பிள்ளையள் இருந்ததுகள்.”

“நான் குடிச்சிருந்தேனா?”

“சுப்பையா, திருகைப் பிடி. அதை விட்டுடாதை.”

“குடிச்சிருந்தேனா?”

“...இல்லை.”

பதினெட்டு வருஷம் காத்திருந்த ஒரு சொல். வந்து விழுந்தது, இருட்டில், மூன்றாவது ஆள் யாரும் கேட்காமல். அதை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது? சுப்பையன் திருகிலிருந்து கையை எடுத்தான்.

“பாருங்க, கைய எடுத்துட்டேன். இப்ப எழுதுங்க, குடிச்சிட்டுத்தான் எடுத்தான்னு.”

தம்பிராஜா எழுந்திருக்கவும் முடியாமல், உட்காரவும் முடியாமல், இரண்டு கையாலும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். சுப்பையன் வில்லைக்குள் பார்த்துக்கொண்டே இருந்தான். இதோ நகரும். மயிரிழையை விட்டுக் கழன்று, ஓரத்துக்கு ஓடும். இத்தனை நாள் ஓடியதே.

நட்சத்திரம் நகரவில்லை.

அவன் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் பார்த்தான். வெட்டும் இடத்தில், ஆணி அடித்ததுபோல், அப்படியே நின்றது. சக்கரத்தில் கரகரப்பு இல்லை. கால் அமுங்கவில்லை. அவன் அரம் போட்ட பல்லும், அவன் கடைந்த இரும்பும், அவனைக் கேட்காமலே அதைத் தாங்கிக்கொண்டு போயின.

“பத்து நிமிஷம்... போயிட்டுதோ? நட்சத்திரம் போயிட்டுதோ?” தம்பிராஜா அழுகிறாரா என்று தெரியவில்லை. “எனக்குத் தெரியேல்லை, சொல்லன்.”

குழாயை ஒரு தட்டுத் தட்டினால் போதும். சுப்பையன் மொட்டை விரலைத் தூக்கி, பித்தளைக் குழாய்க்கு ஒரு நெல்லளவு தூரத்தில் கொண்டுவந்து வைத்தான். பித்தளையின் குளிர் தொடாமலே நுனியில் ஏறியது. எடைக்கல் இறங்கிக்கொண்டிருந்தது. வில்லைக்குள் அந்த வெள்ளைப் புள்ளி, இரண்டு கறுப்பு இழைகளுக்கு நடுவே, அசையாமல் நின்றது.