லைவ் அறுந்துடக் கூடாது

"கரண்ட் போயிடுச்சா, ஜுலைகா?" என்றுதான் கலீல் ரகுமான் போனில் முதலில் கேட்டார்.

"இல்லைங்களே. மண்டபம் பூரா லைட்டு எரியுது."

"எனக்குக் கறுப்பா இருக்கே. ஏதோ இங்கிலீஷ்ல எழுதி வந்திருக்கு."

பூந்தமல்லி மண்டபத்தில் மகள் ரூஹிக்கு மருதாணி வைத்துக்கொண்டிருந்த சாயங்காலம் அது. கலீல் மஸ்கட்டில். மாற்றாள் வரவில்லை, லீவு கிடையாது என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. அவர் இருந்த கேம்ப்பில் வீடியோ கால் எடுக்காது. அதனால்தான் அம்பத்தூர் ஜெயப்பிரியாவைப் பிடித்தார்கள். கல்யாணத்தைப் படம் பிடித்துத் தன் சானலில் அப்படியே லைவாக விடுகிற பெண். சானல் அங்கேயும் தெரியும். கலீலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், பெண்கள் ஒரு சினிமாப் பாட்டுக்கு ஆட ஆரம்பிக்கிறவரைக்கும்.

"பாட்டுக்கு உரிமை வச்சிருக்கிற கம்பெனி நிறுத்திடுச்சும்மா," என்றாள் ஜெயப்பிரியா. நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். "ஆளு யாரும் உட்கார்ந்து கேக்கறதில்ல, மிஷினு. பாட்டு காதுல விழுந்தா அறுத்துடும். எனக்கு எச்சரிக்கை வேற வந்திருக்கு. இன்னொரு தரம் ஆச்சுன்னா லைவே போட முடியாது."

"நாளைக்குத்தானேம்மா நிக்காஹ்!"

"அதான்மா நானும் யோசிக்கறேன்."

பக்கத்து ஃப்ளாட்டு ரவிச்சந்திரன் டீயும் கையுமாக வந்தார். கோர்ட்டுக்குப் போகிற மனுஷர், சட்டம் தெரிந்தவர்.

"இதென்ன அநியாயம்? பதிப்புரிமைச் சட்டத்துலயே கல்யாணத்துக்கு விலக்கு இருக்கே. ஊர்வலத்துல, மண்டபத்துல தாராளமா பாட்டுப் போடலாம்."

"மண்டபத்துல போடலாம் சார். லைவ்ல போனா?"

ரவிச்சந்திரன் டீயை ஒரு வாய் குடித்தார். "அது... வாதாட வேண்டிய விஷயம். ஆட்சேபணை அனுப்பும்மா, நான் எழுதித் தர்றேன்."

"அனுப்பிட்டேன் சார். பார்த்துச் சொல்றோம்னு பதில் வந்துச்சு."

"எப்போ சொல்வாங்களாம்?"

"அத மட்டும் சொல்லல."

ஜுலைகாவுக்கு இதில் ஒன்றே ஒன்றுதான் விளங்கியது. நாளைக்கு எவனாவது ஒரு பாட்டைப் போட்டால், பெற்ற மகளின் நிக்காஹை அந்த மனுஷர் பார்க்க மாட்டார்.

காலையில் அவள் வாசலிலேயே நின்றுகொண்டாள். மாப்பிள்ளை வீட்டு பேண்டு செட்டு வேம்புலி கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன். சினிமாப் பாட்டு வேணாம்."

"இன்னாம்மா நீ? நாங்க இன்னா ரெக்கார்டா போடறோம்? மூச்சு எங்களுது."

"ஊதினாலும் மெட்டு அவங்களுதாம்ண்ணே."

"சரி, டிரம்மு அடிக்கலாமா? அடிக்கு எவனும் ஓனர் இல்லியே?"

ஜுலைகா திரும்பி ஜெயப்பிரியாவைப் பார்த்தாள். ஜெயப்பிரியா தலையாட்டினாள்.

"அடிங்கண்ணே."

வெறும் டிரம்மோடு மாப்பிள்ளை வந்து இறங்கினார். சம்பந்தியம்மா சும்மா விடுவாரா? "ஏன் சம்பந்தி, மௌத்தான வீட்டுக்கா துக்கம் கேக்க வந்திருக்கோம்? ஒரு பாட்டு இல்ல, ஒண்ணு இல்ல?" என்றார், நாலு பேர் காதில் விழுகிற மாதிரி. ஜுலைகா சிரித்து வைத்தாள். மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் கொண்டுவந்த ஸ்பீக்கரின் வயரை அவளே உருவித் தன் கைப்பைக்குள் திணித்துக்கொண்டாள்.

"ஒயர் எங்க மாமி?"

"சாப்பாட்டுக்கு அப்புறம் தர்றேன் தம்பி."

பெண் இருந்த அறைக்கு ஜெயப்பிரியா கேமராவோடு வந்தாள். ரூஹியின் முந்தானையில் குட்டி மைக்கைக் குத்தினாள். "லைவ் போயிட்டிருக்கும்மா. இனிமே யாரும் பேசாதீங்க."

ஜுலைகா மகளை ஒட்டி உட்கார்ந்தாள். கைப்பை இருவருக்கும் நடுவில். ரோட்டில் ஒரு ஆட்டோ பாட்டை அலறவிட்டுக்கொண்டு போனது. அவள் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள்.

கலீலின் அண்ணன் முஸ்தகீம் இரண்டு சாட்சிகளோடு உள்ளே வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரூஹிம்மா. தஸ்லீமுக்கு உன்னை நிக்காஹ் செய்து கொடுக்க உனக்குச் சம்மதமா?"

ரூஹி குனிந்தபடி தலையை அசைத்தாள். நம்ம பெண்கள் யார் வாயைத் திறந்திருக்கிறார்கள்? அசைத்தால் போதும்.

அப்போதுதான் பாட்டு கேட்டது.

எவன்டா அது என்று ஜுலைகா எல்லா முகத்தையும் பார்த்தாள். எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

"மாமி, உங்க பை!"

போனுக்குள்ளிருந்து பாடகர் உருகிக்கொண்டிருந்தார். மஸ்கட்டிலிருந்து அத்தா கூப்பிட்டால் மட்டும் அடிக்கட்டும் என்று ரூஹி பள்ளிக்கூடம் போகிற காலத்தில் வைத்துக் கொடுத்த சினிமாப் பாட்டு. அவர் போன் தவறிவிடுமோ என்று ஜுலைகா சத்தத்தை வேறு முழுக்க ஏற்றி வைத்திருந்தாள். பைக்குள் கையை விட்டால் ஸ்பீக்கர் வயர் விரலைச் சுற்றிக்கொண்டது. சாவி வந்தது. கைக்குட்டை வந்தது. போன் வரவில்லை. பல்லவி முடிந்து மறுபடியும் பல்லவி ஓடியது, மைக்குக்குப் பக்கத்திலேயே.

போன் கைக்கு வந்தபோது ஜெயப்பிரியா கேமராவை இறக்கிவிட்டிருந்தாள். "போச்சும்மா," என்றாள். ஜுலைகா போனை எடுத்தாள்; கலீல்தான்.

"ஜுலைகா! படம் சுத்திக்கிட்டே நின்னுச்சு, அறுந்துபோச்சோன்னு பயந்து போன் போட்டேன். இப்போ சுத்தமா கறுப்பாயிடுச்சு. சம்மதம் கேட்டாச்சா?"

"நான்தாங்க கெடுத்தேன்." அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "ஊரையெல்லாம் வாய மூடச் சொல்லிட்டு... அது பாட்டுன்னே எனக்குத் தோணலைங்க. அது அடிச்சா நீங்கன்னுதான் தோணும்."

"அத விடு. பிள்ள என்ன சொன்னா?"

"தலையாட்டினா."

"ஆட்டினாளா? எனக்குத் தெரியலியே," என்றார்.

"சாட்சிங்க பார்த்துட்டாங்க, நான் சபைக்குப் போறேன்," என்று முஸ்தகீம் திரும்பினார்.

"மச்சான், நில்லுங்க!" ஜுலைகா அவர் எதிரில் இப்படிச் சத்தமாகப் பேசியதே இல்லை. "மூணு தரம் கேக்கறது வழக்கம்தானே? இன்னும் ரெண்டு தரம் இருக்கு."

போனை ஸ்பீக்கரில் போட்டு, மகளின் முக்காட்டுக்குள் நீட்டினாள். முஸ்தகீம் தம்பியின் மூச்சைப் போனில் கேட்டாரோ என்னவோ, திரும்பி வந்து மறுபடியும் கேட்டார். "ரூஹிம்மா, உனக்குச் சம்மதமா?"

அறை நிறைய பெண்கள். ரூஹியின் தலை கொஞ்சம் அசைந்தது, பிறகு நின்றது. உதடு பிரிந்து மூடியது. லைன் அறுந்துவிடுமோ என்று ஜுலைகா போனின் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சம்மதம், அத்தா."

கேட்டது பெரியத்தா. பதில் போனுக்குப் போனது.

ஜுலைகா போனைத் தன் பக்கம் இழுத்தாள்.

"ஏங்க? கேட்டுச்சா? லைன்ல இருக்கீங்களா?"

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

"இருக்கேன். அண்ணன மூணாவது தரமும் கேக்கச் சொல்லு."