ஆறாயிரத்து நானூறு

காலை பத்து இருபதுக்கு அப்சல் கள்ளக்குறிச்சியில் தேர்வு அறைக்குள் நுழைந்தான். பத்தரைக்கு மேல் யாரையும் விடமாட்டார்கள். பின்னாலேயே அவன் ஊர்ப் பையன் அறிவுச்செல்வனும் வந்தான். இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் வழியெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. சங்கராபுரத்திலிருந்து இருவரும் நடந்தே வந்திருந்தார்கள்.

அப்சலுக்கு இருபத்தொன்பது வயது, இரண்டு பிள்ளைகள். மாமனார் அப்துல் ஜப்பாரின் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிறவன். பிளஸ் டூ இயற்பியலை மூன்றாவது முறையாக எழுதுகிறான். தேறினால் ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போடலாம். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். அப்புறம் ஆயுசுக்கும் பொட்டலம்தான்.

பூமியை ஒட்டிப் பறக்கும் செயற்கைக்கோள் ஒருமுறை சுற்றிவர எவ்வளவு நேரம் ஆகும் என்பது கடைசிக் கேள்வி. பூமியின் ஆரம் 6400 கிலோமீட்டர். ஈர்ப்பு முடுக்கம் 9.8, மீட்டர் கணக்கில். சூத்திரம் நினைவில் இருந்தது. ஆரத்தை முடுக்கத்தால் வகுத்தான், வர்க்கமூலம் எடுத்தான், 2π-யால் பெருக்கினான். 160 விநாடி. அடியில் இரண்டு கோடு போட்டான். கால் கடுத்தது. மணி அடிக்கும்வரை பெஞ்சில் தலை சாய்த்துக் கிடந்தான்.

திரும்பும்போது, சாலையின் குறுக்கே கிடந்த ஒரு புளியமரத்தின் மேல் உட்கார்ந்தார்கள். மேற்கே கல்வராயன் மலை மங்கலாகத் தெரிந்தது.

“இதையும் உங்க ஆளுங்கதான் வெட்டனாங்களா?” என்றான் அப்சல்.

“எங்க சித்தப்பாவும் இருந்தாரு பாய். எனக்கு காலேஜ்ல எடம் வாங்கத்தான் வெட்டிக்கினு இருக்காராம். மொதல்ல நான் பாஸ் ஆவணும்ல.” அறிவுச்செல்வன் செருப்பைக் கழற்றிக் கொப்புளத்தைப் பார்த்தான். “கடைசிக் கணக்குக்கு இன்னா வந்துச்சு உங்களுக்கு?”

“நூத்தி அறுவது.”

“நிமிஷமா?”

“செகண்டு.”

அறிவுச்செல்வன் சிரித்துவிட்டான். “ரெண்டே முக்கா நிமிஷத்துல பூமிய சுத்திடுச்சா? நாம சங்கராபுரத்துலேர்ந்து வரவே நாலு மணி நேரம் ஆச்சே பாய். எனக்கு அஞ்சாயிரத்து எழுவத்தேழு. கிலோமீட்டர மீட்டரா மாத்தலியா நீங்க?”

மாற்றவில்லை. கடைப் பழக்கம். ‘சீரகம் அம்பது’ என்றால் கிராம், ‘அரிசி அஞ்சு’ என்றால் கிலோ. வாங்குகிறவர் சொல்வதில்லை, கட்டுகிறவன் கேட்பதில்லை. கேட்டால் புது ஆள் என்று சிரிப்பார்கள். பத்து வருடத்தில் எண்ணுக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதே விட்டுப்போயிருந்தது.

மனசுக்குள் கூட்டிப் பார்த்தான். அந்தக் கணக்கை விட்டுவிட்டு, செய்முறை மதிப்பெண்ணையும் சேர்த்தால் அறுபத்தெட்டு. தேற எழுபது வேண்டும். அந்தக் கணக்குக்கு ஐந்து.

இன்னொரு தடவை கூட்டினான். அதே அறுபத்தெட்டுதான்.

அறிவுச்செல்வன் சிரிப்பதை நிறுத்தியிருந்தான். செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தான். அப்சல் எழவில்லை.

“ஃபார்முலா கரெக்டா எழுதியிருக்கேன். அதுக்கு ரெண்டு மார்க்காவது போடுவாங்க இல்ல?”